ஸ்ரீலங்கன் விமானங்களின் விபத்து வரலாறு: "பூச்சியம்" என்று அம்மாவிடம் சொன்னது சரியா?

நிலாவெளி செல்வன்:
அம்மாவுக்கு 67 வயது. இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு அடுத்த மாதம் பிள்ளை கிடைக்கப் போகிறது. துணைக்கு நிற்க அம்மா போக வேண்டும். ஸ்ரீலங்கனில் கட்டுநாயக்கவிலிருந்து நேரே ஹீத்ரோவுக்கு டிக்கட் போட்டாயிற்று.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் எயார் இந்தியா விமானம் எழும்பிய கையோடு விழுந்ததை அம்மா தொலைக்காட்சியில் பார்த்தவர். உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் தப்பினார். நிலத்தில் இருந்தவர்களையும் சேர்த்தால் 260 உயிர். "அதுவும் லண்டன் பிளேன், இதுவும் லண்டன் பிளேன். அதுவும் அரசாங்கத்தின்ர, இதுவும் அரசாங்கத்தின்ர" என்று சொல்லிக்கொண்டு நித்திரையில்லாமல் இருக்கிறார்.

அவருக்குத் தைரியம் சொல்ல நான் தேடிப் பார்த்தேன். 1979இல் எயார் லங்காவாகத் தொடங்கிய நாளிலிருந்து, பறக்கும்போது நடந்த விபத்தில் ஒரு பயணிகூடச் சாகவில்லை, பூச்சியம் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த மாமா உடனே, "அப்ப 1986இல் செத்த 21 பேரும் யார்?" என்று கேட்டுவிட்டார். அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். நான் சொன்னது பொய்யா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புவெளி மெக்கானிக்:
தம்பி, நீங்கள் சொன்னது பொய் இல்லை. நான் விமானப் பராமரிப்பில் 27 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்று இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எயார் லங்கா 1979 செப்டம்பரில் சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707 உடன் தொடங்கியது. எமிரேட்ஸ் பங்காளியான பிறகு ஸ்ரீலங்கன் என்று பெயர் மாறியது. இத்தனை வருடத்தில் விமானிப் பிழையாலோ எஞ்சின் பிழையாலோ வானிலையாலோ ஒரு பயணியும் இறக்கவில்லை. இரண்டு பெரிய இழப்புகள் உண்டு. ஒன்று 1986 மே 3, கட்டுநாயக்கவில் குண்டு வெடித்து ட்ரைஸ்டார் விமானம் இரண்டாகப் பிளந்தது. 21 பேர் இறந்தார்கள், 41 பேர் காயம். மற்றது 2001 ஜூலை 24, கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல். அதில் நிறுவனத்தின் கையிலிருந்த விமானங்களில் பாதி எரிந்தோ சேதமாகியோ போனது. பயணிகள் யாரும் சாகவில்லை.

இரண்டும் நிலத்தில் நின்ற விமானங்களுக்கு நடந்தவை. போர் செய்த வேலை, விமானம் செய்த பிழை அல்ல. மாமா கேட்டது வேறு கேள்வி.

திருக்கடலூரான்:
அண்ணை, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் "வேறு கேள்வி" என்று தள்ளி வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

1985 ஜூன் 23இல் எயார் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் அத்திலாந்திக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். அதுவும் குண்டுதான். எயார் இந்தியாவின் வரலாறு என்று யார் எழுதினாலும் அதை முதலில் எழுதுவார்கள். பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனம் என்றால், அதன் விமானம் குண்டு வெடித்து விழுந்த லொக்கர்பி. அவர்களுக்குச் சேருமென்றால் நமக்கும் சேரும்.

அதோடு 1986 குண்டு எங்கே இருந்தது என்று யோசியுங்கள். ஒரு பயணியின் பெட்டியில் இல்லை. அவசரத்துக்குத் தேவைப்படும் சிறு உதிரிப் பாகங்களை வைத்து விமானத்தோடு கொண்டுபோகும் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதற்குள் இருந்தது. அந்தப் பெட்டி டிக்கட் வாங்கிக்கொண்டு வரவில்லை. நிறுவனத்தின் பக்கத்துக் கதவால் ஏறியது. பாதுகாப்பு என்பது இறக்கையும் எஞ்சினும் மட்டுமா? யார் கை எந்தப் பெட்டியைத் தொடுகிறது என்பதும் பாதுகாப்புத்தானே?

உப்புவெளி மெக்கானிக்:
கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சொற்களை ஒழுங்காகப் பாவிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் விபத்து விசாரணைக்கென்று ஒரு இணைப்பு இருக்கிறது, 13ஆவது. பறக்கும் நோக்கத்தோடு முதல் ஆள் ஏறியதிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை நடப்பதைத்தான் அது விபத்து என்கிறது. வேறொருவர் வேண்டுமென்று செய்த காயத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குத் தனிப்பெயர், சட்டவிரோதத் தலையீடு.

இது செத்தவர்களைக் குறைத்துக் காட்டச் செய்த ஏற்பாடு அல்ல. இரண்டுக்கும் மருந்து வேறு. எஞ்சின் பிழைக்கு எஞ்சினைத் திருத்த வேண்டும். குண்டுக்கு வாசலைக் காக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் எதைத் திருத்துவது என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. அன்றைக்கு அந்த விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பவில்லை. லண்டனிலிருந்து வந்து மாலைதீவுக்குப் போக நின்றது. பொதிகள் ஏற்றும்போது விமானத்தில் ஒரு இடம் அடிபட்டு, அதனால் ஆட்களை ஏற்றுவது தாமதமாகியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. நேரத்துக்குப் போயிருந்தால் கடலுக்கு மேல் வெடித்திருக்கும். அன்று விமானத்தில் இருந்த 148 பேரில் 127 பேர் இன்றைக்கு ஒரு கதை சொல்ல உயிரோடு மிஞ்சியது அந்தத் தாமதத்தால்.

திருக்கடலூரான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். 127 பேரைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை எடுத்துக் கொண்டுபோய்ப் "பூச்சியம்" என்று பெருமை பேசக் கூடாது.

கணக்கு வாத்தியார்:
பூச்சியத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாமா? இது என் பாடம்.

ஒரு பேச்சுக்கு ஒரு நாளைக்கு 50 பறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 18,250. அதுவே 40 வருடத்துக்கு 730,000. இத்தனை தடவையில் ஒரு தடவையும் நடக்காத ஒன்று, உண்மையில் எவ்வளவு அரிதானது? புள்ளிவிபரவியலில் இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 730,000இல் 3, அதாவது சுமார் 243,000 பறப்புக்கு ஒன்று. ஆபத்து இதைவிடக் கூட இல்லை என்று நூற்றுக்கு 95 பங்கு நம்பிக்கையோடு சொல்லலாம். அதற்கு மேல் அந்தப் பூச்சியத்தால் எதையும் சொல்ல முடியாது.

உலகச் சராசரி என்ன? ஜெட் விமானங்களில் உயிர் போகிற விபத்து பத்து லட்சம் பறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆகவே நம்முடைய பூச்சியம் உலகச் சராசரியோடு ஒத்துப்போகிறது. சராசரியைவிட நல்லது என்று நிரூபிக்கவும் இல்லை, கெட்டது என்று காட்டவும் இல்லை.

சின்ன எண்ணிக்கையை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு கொன்கோர்ட் விமானம் நல்ல உதாரணம். 1976இலிருந்து பயணிகளோடு பறந்தது. 2000 ஜூலை 25 வரை ஒருவரும் சாகவில்லை. அன்று பாரிசில் ஓடுபாதையில் கிடந்த ஒரு உலோகத் துண்டு சில்லைக் கிழித்து, அதன் துண்டு எரிபொருள் தாங்கியில் அடித்து, 113 பேர் இறந்தார்கள். கொன்கோர்ட்டுகள் பறந்தது குறைவு என்பதால், காலையில் விகிதப்படி உலகின் மிகப் பாதுகாப்பான விமானமாக இருந்தது, மாலையில் மிக ஆபத்தானதாக மாறியது. விமானம் மாறவில்லை. எண்ணிக்கைதான் மாறியது.

அலஸ்தோட்டம் பிரியா:
1998இல் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து வந்து கடலில் விழுந்த பிளேன் இந்தக் கணக்கில் வருமா? அப்போது நான் சின்னப் பிள்ளை. வீட்டில் கதைத்தது மட்டும் ஞாபகம்.

உப்புவெளி மெக்கானிக்:
இல்லை தங்கச்சி. அது லயன் எயார் 602, தனியார் நிறுவனம். அன்டனோவ் 24 ரகம். 1998 செப்டம்பர் 29, பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வரும்போது இரணைதீவுக் கடலுக்கு மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 55 பேர். தேசிய விமான சேவையின் கணக்கில் அது வராது.

திருக்கடலூரான்:
கணக்கில் வராது, மனதில் வரும். 602 விழுந்த பிறகு பலாலிக்கான சேவை நின்றது. யாழ்ப்பாண ஆட்கள் பிள்ளை குட்டிகளோடு எங்கள் திருகோணமலையில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். என் அம்மா அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனதை நான் கண்டவன். 14 வருடத்துக்குப் பிறகு, 2012 ஒக்டோபரில்தான் கடலின் அடியில் சிதைவுகளைக் கண்டார்கள். 2013 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உடுப்புகளையும் செருப்புகளையும் பரப்பி வைத்து உறவினர்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்று கேட்டால் இதுதான் காரணம். "அது போர், இது விபத்து" என்று பிரித்துப் பிரித்து எழுதினால், நம் ஆட்கள் எந்தப் பட்டியலிலும் வராமல் போய்விடுகிறார்கள்.

பழைய துறைமுகம்:
எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சின்ன வயதில் திருகோணமலைச் சீனக்குடாவுக்கு எயார் சிலோன் டகோட்டா விமானம் வரும். அப்பா சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். வால் தரையில் முட்டி, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த உருவம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே 1979இல் கணக்கைத் தொடங்குவது சரியல்ல என்பது என் எண்ணம். இந்த நாட்டின் தேசிய விமான சேவை 1947 டிசம்பர் 10இல் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து சென்னை. விமானத்தின் பெயர் சீதா தேவி.

எயார் சிலோன் 1949 டிசம்பர் 21இல் திருச்சிராப்பள்ளியில் இறங்கும்போது ஒரு டகோட்டாவை இழந்தது. உள்ளே இருந்த எல்லோரும் தப்பினார்கள். 1978 செப்டம்பர் 7இல் இரத்மலானையில் அவ்ரோ 748 ஒன்று குண்டு வெடித்து எரிந்தது. அதிலும் உயிர் போகவில்லை. இவற்றையும் சேர்த்து எழுதினால்தான் முழு வரலாறு.

ஆனால் என் வயதுக்காரர்களுக்கு விமான விபத்து என்றவுடன் ஞாபகம் வருவது நம் விமானங்களே அல்ல. 1974 டிசம்பர் 4 இரவு. சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரைக்குப் போன 182 பயணிகளும் 9 பணியாளர்களும். கருடா இந்தோனேசியாவுக்காக ஓடிய மார்ட்டினெயார் என்ற டச்சு நிறுவனத்தின் டி.சி. 8. கொழும்புக்கு இன்னும் சுமார் 40 கடல் மைல் இருக்கும்போது, கிட்ட வந்துவிட்டோம் என்று நினைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். நோட்டன் பிரிஜ் பக்கம் சப்த கன்னி மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. வானொலியில் கேட்டுவிட்டு அப்பா இரவு சாப்பிடவில்லை.

நாலு வருடம்கூடச் சரியாகப் போகவில்லை. 1978 நவம்பர் 15 இரவு, ஜித்தாவிலிருந்து சுராபாயாவுக்குத் திரும்பிய ஹஜ் யாத்திரிகர்கள். ஐஸ்லாந்து நிறுவனத்தின் டி.சி. 8. கட்டுநாயக்கவுக்குக் கிட்ட தென்னந்தோட்டத்துக்குள் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விமானிகள் இறங்கும் முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை என்றது இலங்கை விசாரணை. நிலத்திலிருந்த வழிகாட்டும் கருவியிலும் ராடர் கட்டுப்பாட்டிலும் குறை என்றது ஐஸ்லாந்துத் தரப்பு.

கிண்ணியாப் பாலம்:
ஐயா சொன்ன இரண்டும் எங்கள் ஊரில் இன்னும் கதைக்கப்படுபவை. ஹஜ்ஜுக்குப் போகிற வயதானவர்கள் துஆவில் சேர்த்துக்கொள்வார்கள்.

நான் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பயணத்துக்கு முன் அறிவுரை சொல்லிக் கொடுப்பவள். அவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் வேறு. 2005 செப்டம்பர் 8, கட்டுநாயக்கவில் ஜித்தாவுக்குப் போகவிருந்த சவூதி விமானம். யாரோ தொலைபேசியில் குண்டு இருப்பதாகப் புரளி சொல்ல, ஓடுபாதைப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஜம்போவை நிறுத்தி, அவசரச் சறுக்குகளால் ஆட்களை இறக்கினார்கள். குண்டே இல்லை. நெரிசலில் ஒருவர் இறந்தார், அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். பயத்தாலும் உயிர் போகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். செல்வன் தம்பி, அம்மாவுக்குச் சொல்லுங்கள்: இறங்கு என்று சொன்னால் கைப்பையை மேலேயிருந்து எடுக்க நிற்கக் கூடாது. பாதணியைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு, கையை மார்போடு கட்டிக்கொண்டு சறுக்க வேண்டும். இதை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு போனால் பயம் பாதி குறையும்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2021 நவம்பர் 23, எங்கள் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஆட்களை ஏற்றிய மிதவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். விமானம் விழுந்தால் எந்த நாடாக இருந்தாலும் ஒரே முறையில் விசாரணை, அறிக்கை, பிறகு மாற்றம் என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. களப்பைக் கடக்கிற பிள்ளைக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

நிலாவெளி செல்வன்:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. வாத்தியார் சொல்வதைப் பார்த்தால் பூச்சியத்துக்குப் பெறுமதியே இல்லை. அப்படியென்றால் ஒரு விமான சேவையை எதை வைத்து நம்புவது?

திருக்கடலூரான்:
நானும் அதைத்தான் கேட்கிறேன். 2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் நம் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போயின. 2023இல் எஞ்சின் இல்லாமல் சில விமானங்கள் தரையில் நின்றன. விமானிகளும் பொறியியலாளர்களும் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2016 ஓகஸ்டில் பிராங்பேர்ட்டில் விமானி ஒருவர் மூச்சுப் பரிசோதனையில் தேறாமல் பயணம் பல மணி நேரம் தாமதமாகியது. கடனில் மூழ்கிய நிறுவனம் எத்தனை நாள் பராமரிப்பில் கைவைக்காமல் இருக்கும்? இறந்தகாலத்துப் பூச்சியம் நாளைக்குக் காவல் நிற்குமா?

உப்புவெளி மெக்கானிக்:
தம்பி, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் ஒரு கொப்பி இருக்கும். டெக் லொக் என்போம். விமானி எழுதிய குறையைப் பார்த்து, திருத்தி, அனுமதிப்பத்திரம் பெற்ற பொறியியலாளர் கையெழுத்து வைக்க வேண்டும். எது பழுதானால் பரவாயில்லை, பறக்கலாம், எது பழுதானால் பறக்கவே கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் ஒரு வரி சரியில்லை என்றால் 300 பேர் காத்துக்கொண்டிருந்தாலும் கையெழுத்து இல்லை. நான் இரவு இரண்டு மணிக்கு அப்படிக் கையெழுத்து வைக்காமல் நின்றிருக்கிறேன். கீழே ஆட்கள் சத்தம் போடுவது கேட்கும். மேலதிகாரி வந்து முகத்தைப் பார்ப்பார். வைக்கவில்லை. கொப்பி அவர்களுடைய அலுமாரியில் கிடக்கும், கையெழுத்து என்னுடையது. ஏதும் நடந்தால் முதலில் அதைத்தான் திறப்பார்கள்.

எஞ்சின் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன என்றீர்கள். நின்றனதானே? பறக்கவிடவில்லையே! பணமில்லை என்பது கவலைப்பட வேண்டிய விடயம், மறுக்கவில்லை. ஆனால் பணமில்லாததால் நிறுத்தி வைத்த விமானத்தைப் பார்த்து எனக்குப் பயம் வராது. பணமில்லாமலும் பறந்துகொண்டிருந்தால்தான் பயம் வரும்.

2022 ஜூன் 13, லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் விமானம் யு.எல். 504. துருக்கி வானில் 33,000 அடியில் வந்துகொண்டிருந்தது. 35,000க்கு ஏறச் சொல்லி அங்காரா கட்டுப்பாட்டிலிருந்து கேட்டார்கள். அந்த உயரத்தில் 15 மைல் தூரத்தில் பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம் வேகமாக வருவதை நம் விமானிகள் கண்டுவிட்டார்கள். மறுத்தார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி மறுத்தார்கள். 275 பயணிகள். துருக்கித் தரப்பு அப்படி நடக்கவில்லை என்றது. நிறுவனம் தன் விமானிகளுக்கு நன்றி சொன்னது. அம்மா போகப் போவதும் அதே வழிதான், தம்பி.

கணக்கு வாத்தியார்:
இதோடு கொரியன் எயாரையும் சேர்த்துப் பாருங்கள். 1997 ஓகஸ்ட் 6இல் குவாம் தீவில் 228 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் அடுத்தடுத்து விபத்துகள். 1999இல் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் அவர்களோடு இருந்த கூட்டு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. விமானி அறையில் மூத்தவர் பிழை செய்தாலும் இளையவர் வாய் திறக்காத பழக்கம் ஒரு பெரிய காரணமாக இருந்தது. வெளியிலிருந்து பயிற்சியாளர்களைக் கொண்டு வந்து அதை மாற்றினார்கள். பிறகு அவர்களுடைய பயணிகள் விமானத்தில் உயிர் போகிற விபத்து இல்லை.

செல்வன் கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பழைய எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் 1999இல் கொரியன் எயாரைக் கைவிட்டிருக்க வேண்டும். "மாட்டேன்" என்று சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிறார்களா, சொன்ன பிறகு அவர்களைத் தண்டிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். யு.எல். 504 அதற்கு ஒரு நல்ல சாட்சி. ஒரு சாட்சிதான், ஆனால் கண்ணால் கண்ட சாட்சி.

அம்மாவின் ஒரு பிழையையும் திருத்திவிடுங்கள். எயார் இந்தியா 2022 ஜனவரியிலிருந்து டாடாவுடையது. அரசாங்கத்தினுடையது அல்ல.

அலஸ்தோட்டம் பிரியா:
சரி, ஆனால் சீனக்குடாவிலிருந்து எழும்புகிற விமானங்கள் விழுந்ததை எங்கள் ஆட்கள் கண்டிருக்கிறார்களே. அந்தப் பயம் எங்கே போகும்?

உப்புவெளி மெக்கானிக்:
அவை விமானப்படையின் பயிற்சி விமானங்கள், தங்கச்சி. 2020 டிசம்பர் 15இல் சீனக்குடாவிலிருந்து போன பி.டி. 6 கந்தளாய்ப் பக்கம் விழுந்து பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். 2023 ஓகஸ்ட் 7இல் அதே ரகம் சீனக்குடாவிலேயே விழுந்து இருவர் இறந்தார்கள். பாவம், இளம் பிள்ளைகள். ஒரு எஞ்சின் விமானத்தில் பறக்கப் பழகுவதும், இரண்டு விமானிகள் ஏ330 ஒன்றை லண்டனுக்குக் கொண்டுபோவதும் ஒரே தராசில் நிற்காது.

திருக்கடலூரான்:
யு.எல். 504 பற்றி எனக்கு இவ்வளவு விபரம் தெரியாது. அதை ஏற்றுக்கொள்கிறேன். அண்ணை கையெழுத்து வைக்காமல் நின்றதையும் நம்புகிறேன்.

ஆனால் 1986 என் கணக்கில் இருக்கும். விபத்து என்ற தலைப்பின் கீழ் வேண்டாம், சரி. நிறுவனத்தின் விமானத்தில், நிறுவனத்தை நம்பி ஏறியவர்கள் என்ற தலைப்பின் கீழ் அந்த 21 பேரும் இருக்க வேண்டும். செல்வன், அம்மாவிடம் பூச்சியம் என்று சொல்லாதீர்கள். பிறகு வேறு யாரோ 21 என்று சொன்னால் நீங்கள் சொன்ன மற்ற எல்லாவற்றையும் அவர் நம்ப மாட்டார். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதானே.

உப்புவெளி மெக்கானிக்:
இதில் நான் உங்களோடு நிற்கிறேன்.

நிலாவெளி செல்வன்:
நேற்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 1986ஐயும் சொன்னேன், குண்டு எங்கே இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. விமானம் பிந்தியதால் மற்ற ஆட்கள் தப்பினார்கள் என்ற இடத்தில் அம்மா என்னை நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு துருக்கிக் கதை. "அந்தப் பெடியன் மாட்டேன் எண்டு சொன்னவனோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப போறன்" என்றார்.

கிண்ணியா அக்கா சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு சறுக்குவதையும் காட்டிக் கொடுத்தேன்.

பழைய துறைமுகம்:
சந்தோஷம் தம்பி. எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறீர்கள்?

நிலாவெளி செல்வன்:
பகல் விமானம் ஐயா. முதல் நாள் இரவு 10 மணிக்கு வான் வண்டியில் வெளிக்கிட்டு, விடியப் போய்ச் சேரலாம் என்று இருக்கிறோம்.

பழைய துறைமுகம்:
இரவில் வேண்டாம். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ரோட்டில் யானை நிற்கும். நித்திரைத் தூக்கத்தில் ஓடுகிற சாரதிக்கு டெக் லொக்கும் இல்லை, கையெழுத்து வைக்கிற ஆளும் இல்லை. முதல் நாள் காலையிலேயே வெளிக்கிட்டு நீர்கொழும்பில் எங்கேயாவது தங்குங்கள்.

நிலாவெளி செல்வன்:
நீர்கொழும்பில் சித்தி வீடு இருக்கிறது. வான்காரருக்கு இப்போதே அழைப்பு எடுக்கிறேன்.